ஆன்லைன் கோர்ஸின் பச்சை டிக் எங்கிருந்து வந்தது? - ஸ்கின்னரும் கற்பிக்கும் இயந்திரமும்

ஆன்லைனில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். பேராசிரியர் வீடியோவில் பேசிக்கொண்டே இருக்கிறார். ஏழெட்டு நிமிஷம் போனதும் வீடியோ தானாக நிற்கிறது. திரையில் ஒரு கேள்வி. சரியான விடையைத் தட்டினால் பச்சை நிறத்தில் ஒரு டிக். தப்பென்றால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. பாதியில் மூடிவிட்டுப் போனாலும் பரவாயில்லை, ராத்திரி சாப்பிட்டு முடித்து வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்த பிறகு யாரோ யோசித்துச் சேர்த்த வசதி இது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த யோசனை கம்ப்யூட்டர் இல்லாமலேயே உருவாகி, பெட்டியாகச் செய்யப்பட்டு, ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் அதில் படித்துத் தேர்வும் எழுதி, வியாபாரமாகி, தோற்றும் போய்விட்டது. அதைச் செய்தவர் பி.எஃப்.ஸ்கின்னர். பி.எட். படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். எலி, புறா, பெட்டி என்று பாடத்தில் வருவாரே, அவர்தான்.

பள்ளிக்குப் போன அப்பா

1953 நவம்பர் 11. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஷேடி ஹில் என்ற பள்ளி. அன்றைக்கு அப்பாக்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த தன் இளைய மகள் டெபோராவுக்காக ஸ்கின்னரும் போயிருந்தார். அப்போது அவருக்கு 49 வயது. ஹார்வர்டில் உளவியல் பேராசிரியர்.

கணக்கு வகுப்பு. ஆசிரியர் சில கணக்குகளைக் கொடுத்துவிட்டு மேசைகளுக்கு இடையே நடந்து வருகிறார். அங்கங்கே நின்று ஒரு பிள்ளைக்கு உதவுகிறார். சில பிள்ளைகள் மளமளவென்று முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நெளிகிறார்கள். சிலர் முதல் கணக்கிலேயே சிக்கிக்கொண்டு முழிக்கிறார்கள். கடைசியில் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார் ஆசிரியர். திருத்தி, மறுநாள் தருவார்.

நமக்கெல்லாம் இது சாதாரண வகுப்பு. ஆசிரியர் மீதும் ஒரு குறையும் இல்லை. ஆனால், இருபது வருஷத்துக்கும் மேலாக விலங்குகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்பதையே அளந்துகொண்டிருந்த ஒருவரின் கண்ணில் அந்த வகுப்பு வேறு மாதிரி பட்டது. இரண்டு விஷயங்கள் அவரை உறுத்தின. ஒன்று, தான் போட்ட கணக்கு சரியா தப்பா என்று பிள்ளைக்குத் தெரிய ஒரு நாள் ஆகிறது. அதற்குள் அந்தக் கணக்கைப் போட்ட நினைவே போய்விடும். இன்னொன்று, யாருக்கு என்ன வேகம் இருந்தாலும் எல்லோரும் ஒரே வேகத்தில்தான் போக வேண்டும். முந்துபவர் காத்திருக்க வேண்டும், பிந்துபவர் விட்டுவிட வேண்டும்.

சில நாட்களிலேயே ஒரு கருவியைச் செய்துவிட்டார். கணக்கு அச்சடித்த ஓர் அட்டையை அதில் வைக்க வேண்டும். பக்கத்தில் உள்ள இரண்டு நெம்புகோல்களை நகர்த்தி இரண்டு இலக்க விடையை அமைக்க வேண்டும். விடை சரியாக இருந்தால் அட்டையில் உள்ள ஓட்டையில் விளக்கு எரியும். அவ்வளவுதான். ஆன்லைன் கோர்ஸின் பச்சை டிக்குக்கு இதை முன்னோடி என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

எழுத்தாளராக ஆசைப்பட்டவர்

கருவி செய்வது ஸ்கின்னருக்குச் சின்ன வயதிலேயே தொற்றிக்கொண்ட பழக்கம். 1904 மார்ச் 20 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குவேஹானா என்ற சிறிய ரயில்வே ஊரில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். வீட்டு முற்றத்தில் பழைய கொதிகலனை வைத்து, உருளைக்கிழங்குத் துண்டுகளைப் பக்கத்து வீட்டுக் கூரைகளுக்கு மேலே பறக்கவிடும் நீராவி பீரங்கி செய்த பையன் அவர். இரவு உடையைக் கழற்றி மாட்டாமல் போய்விடுகிறான் என்று அம்மா திட்டியதால், அதை மாட்டும்வரை கண்முன்னே ஒரு பலகை தொங்கிக்கொண்டே இருக்கும்படியும் ஓர் ஏற்பாடு செய்தார். பிற்காலத்தில் அவர் செய்த வேலையெல்லாம் இந்தப் பலகையின் நீட்சி என்றுகூடத் தோன்றும். திட்டுவதற்குப் பதிலாகச் சூழலை மாற்றி வை, நடத்தை தானே மாறும்.

கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம். கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்ட் அவருடைய கதைகளைப் படித்துவிட்டு உற்சாகமூட்டிக் கடிதம் எழுத, எழுத்தாளராகிவிடுவது என்று முடிவுகட்டி 1926இல் வீட்டு மாடியில் போய் உட்கார்ந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. எழுத விஷயமே இல்லை என்று தெரிந்தபோது அவருக்கு அது பெரிய அடி. அந்தக் காலத்தில் படித்த பாவ்லோவ், வாட்சன் ஆகியோரின் புத்தகங்கள்தான் அவரை உளவியலுக்கு இழுத்துவந்தன. 1928இல் ஹார்வர்டில் சேர்ந்தார். 1931இல் முனைவர் பட்டம்.

அங்கே அவர் உருவாக்கிய பெட்டி உலகப் புகழ் பெற்றது. உள்ளே ஓர் எலி, ஒரு கம்பி. கம்பியை அழுத்தினால் ஒரு துண்டு உணவு விழும். எத்தனை தடவை அழுத்தியது என்பதைக் காகிதச் சுருளில் ஒரு பேனா கோடாக வரைந்துகொண்டே போகும். ஒரு செயலுக்குப் பின்னால் என்ன விளைவு வருகிறதோ, அதைப் பொறுத்தே அந்தச் செயல் மீண்டும் நடக்கும் அல்லது நின்றுபோகும். இதுதான் அவர் கண்டதன் சாரம். விளைவு உடனே வர வேண்டும் என்பது முக்கியம். தாமதித்தால் எந்தச் செயலுக்கான பலன் என்பதே குழம்பிவிடும்.

மாவு மில்லில் பந்து விளையாடிய புறா

பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாக வெட்ட வேண்டும் என்ற யோசனை வந்த இடம் இன்னும் விசித்திரமானது. இரண்டாம் உலகப் போரின்போது, இலக்கை நோக்கிக் குண்டைச் செலுத்தப் புறாக்களைப் பழக்கலாம் என்று ஸ்கின்னர் அரசாங்கத்திடம் சொன்னார். குண்டின் மூக்கில் புறாவை உட்கார வைத்தால், எதிரே தெரியும் கப்பலின் உருவத்தை அது கொத்தும். கொத்தும் இடத்தை வைத்துக் குண்டு தன் திசையைத் திருத்திக்கொள்ளும். விளையாட்டில்லை, உண்மையாகவே 25,000 டாலர் கொடுத்தார்கள். மினியாபொலிஸ் நகரில் ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் மாவு மில் மாடியில் வேலை நடந்தது.

1943இல் ஒருநாள், மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருந்த வெட்டிப் பொழுதில், ஒரு புறாவுக்கு மரப்பந்தைத் தட்டி உருட்டக் கற்றுக்கொடுக்கலாம் என்று ஸ்கின்னரும் சகாக்களும் இறங்கினார்கள். பந்தைத் தட்டினால் தீனி என்று வைத்தார்கள். புறா தட்டவே இல்லை. காத்துக் காத்து அலுத்துப்போய், சரி, பந்தைத் திரும்பிப் பார்த்தாலே தீனி என்று மாற்றினார்கள். அடுத்து, பக்கத்தில் போனால் தீனி. பிறகு அலகு பட்டால் தீனி. சில நிமிஷங்களில் அந்தப் புறா தேர்ந்த ஆட்டக்காரரைப் போலப் பந்தை அடித்துக்கொண்டிருந்தது.

குண்டுத் திட்டத்தை அதிகாரிகள் யாரும் நம்பவில்லை. 1944 அக்டோபரில் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். ஆனால், மாவு மில்லில் கற்ற பாடம் ஸ்கின்னரிடம் தங்கிவிட்டது. பெரிய காரியத்தை முழுசாகச் செய்து காட்டும்வரை காத்திருக்காதே. அதை நோக்கிய சின்ன அடியையும் அப்போதே அங்கீகரி. ஒன்பது வருஷம் கழித்து நான்காம் வகுப்பு மேசையில் முழித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தபோது அவருக்கு இந்தப் புறா ஞாபகம் வந்திருந்தால் ஆச்சரியமில்லை.

‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்பதில் ஏன் அவ்வளவு பிடிவாதம்?

கற்பிக்கும் இயந்திரத்தை முதலில் செய்தவர் ஸ்கின்னர் என்று சொல்வது தவறு. 1920களிலேயே ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிட்னி பிரெஸ்ஸி என்ற உளவியலாளர் ஒன்றைச் செய்திருந்தார். நான்கு விடைகளில் ஒன்றுக்கான பொத்தானை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால்தான் அடுத்த கேள்வி வரும். பொருளாதார மந்தம் வந்தது, வாங்க ஆளில்லை, பிரெஸ்ஸி கைவிட்டுவிட்டார். ஸ்கின்னரின் வேலை வெளியே தெரிந்த பிறகுதான் இருவருக்கும் தொடர்பு ஏற்பட்டது. பிரெஸ்ஸியை முன்னோடி என்று ஸ்கின்னர் தன் கட்டுரைகளில் மறைக்காமல் சொன்னார்.

ஆனால், இருவருக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம்மூர் வினாத்தாள் மொழியில் சொன்னால், பிரெஸ்ஸியுடையது ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’, ஸ்கின்னருடையது ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’. கொள்குறி வினா ஸ்கின்னருக்குப் பிடிக்காது. நான்கு விடைகளைக் காட்டினால் அவற்றில் மூன்று தப்பானவை. நம்பும்படியான தப்பு விடைகளைத் தேடித் தேடி எழுதி மாணவர் கண்ணில் காட்டுவது எதற்கு? அதோடு, பார்த்து அடையாளம் கண்டுகொள்வது வேறு, தானாகவே யோசித்து எழுதுவது வேறு. பிரெஸ்ஸியின் இயந்திரம் ஏற்கெனவே படித்ததைச் சோதித்தது. ஸ்கின்னர் செய்ய நினைத்தது, படித்திராத ஒன்றைச் சொல்லித்தரும் இயந்திரம்.

அது எப்படி நடக்கும்? ஸ்கின்னரே 1958இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் உதாரணம் காட்டியிருக்கிறார். மேனுஃபேக்சர் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைச் சின்னப் பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டும். முதல் கட்டத்தில் பொருளைச் சொல்லி, சொல்லைப் பார்த்து எழுதச் சொல்கிறது. அடுத்ததில், அதன் ஒரு பகுதி ஃபேக்டரி என்ற சொல்லிலும் இருப்பதைக் காட்டி, அந்தப் பகுதியில் சில எழுத்துகளை விட்டுவிடுகிறது. மூன்றாவதில், முன்பகுதிக்குக் கை என்று பொருள் என்று சொல்லி அங்கே எழுத்துகளை விட்டுவிடுகிறது. அடுத்த இரண்டு கட்டங்களில் வேறு வேறு இடங்கள் காலி. ஆறாவது கட்டத்தில் ஒரு வாக்கியம், முழுச்சொல்லும் காலி. பிள்ளை எழுதிவிடும். ஆறு படிகளிலும் தப்பு செய்வதற்கே இடம் கொஞ்சம்தான். தாங்கலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போவதுதான் உத்தி.

இதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். ஒரு சொல்லுக்கே ஆறு கட்டம் என்றால் ஒரு பாடத்துக்கு?

ஹார்வர்டில் ஓர் அறை

அந்தக் கேள்விக்கும் அவர் பதில் செய்து காட்டினார். ஜேம்ஸ் ஹாலண்ட் என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து, மனித நடத்தை பற்றித் தான் ஹார்வர்டில் நடத்திய பாடத்தையே இயந்திரத்துக்கு மாற்றினார். 1950களின் இறுதியில் இதற்கென்றே ஓர் அறையில் வரிசையாக இயந்திரங்களை வைத்தார்கள். மாணவர்கள் தங்களுக்குத் தோதான நேரத்தில் வந்து உட்கார்வார்கள்.

இயந்திரத்தில் பன்னிரண்டு அங்குலத் தட்டு ஒன்று. கிராமஃபோன் தட்டு மாதிரி. அதில் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல முப்பது கட்டங்கள் அச்சாகியிருக்கும். ஜன்னல் வழியாக ஒரு நேரத்தில் ஒரு கட்டம்தான் தெரியும். பக்கத்து ஜன்னலில் உள்ள காகிதப் பட்டையில் விடையை எழுதி, நெம்புகோலைத் தூக்க வேண்டும். எழுதியது ஒரு கண்ணாடி மூடிக்கு அடியில் போய்விடும். இனி அழித்து மாற்ற முடியாது. அதே நொடியில் சரியான விடை வெளிப்படும். இரண்டும் ஒத்துப்போனால் நெம்புகோலைப் பக்கவாட்டில் தள்ளினால் காகிதத்தில் ஓர் ஓட்டை விழும், அந்தக் கட்டம் மறுசுற்றில் வராது. தப்பானவை மட்டும் மறுபடி மறுபடி வரும். எல்லாம் முடியும்வரை சுற்ற வேண்டியதுதான்.

இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. திருத்துவது இயந்திரம் இல்லை, மாணவரேதான். ஏமாற்ற நினைத்தால் ஏமாற்றலாம். ஸ்கின்னர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தப்பு செய்தால் தண்டனை, மதிப்பெண் போகும் என்ற பயம் இருக்கும் இடத்தில்தான் ஏமாற்றும் தேவை வரும் என்பது அவர் கணிப்பு. பயத்தை வைத்துப் படிக்கவைக்கும் பள்ளிமுறையை அவர் வாழ்நாள் முழுக்கச் சாடினார். கேமராவை ஆன் செய்து, அறையைச் சுற்றிக் காட்டி, கண்ணை அங்கே இங்கே திருப்பாமல் இன்று ஆன்லைன் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு அந்த ஹார்வர்டு அறை வேற்றுக்கிரகமாகத் தெரியலாம்.

இன்னொன்று அதைவிட முக்கியம். மாணவர்களின் காகிதப் பட்டைகளையெல்லாம் சேகரித்து, எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் தவறினார்கள் என்று ஹாலண்டும் ஸ்கின்னரும் எண்ணினார்கள். ஒரு கட்டத்தில் நிறையப் பேர் தவறினால் குற்றவாளி மாணவர் இல்லை, அந்தக் கட்டத்தை எழுதியவர். உடனே அதைத் திருத்தி எழுதினார்கள். அடுத்த முறை தவறுகள் குறைந்தன. இன்றைய ஆன்லைன் தளங்களும் ஒவ்வொரு கிளிக்கையும் எண்ணுகின்றன. எந்த மாணவர் பின்தங்குகிறார் என்று சிவப்பு விளக்குக் காட்டுகின்றன. எந்தப் பாடம் மோசமாக எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க அதே எண்ணிக்கையைப் பயன்படுத்துபவர்கள் எத்தனை பேர்?

வாட்டர் ஹீட்டர் கம்பெனியின் கையில்

இயந்திரத்தைச் செய்து விற்க ஆள் வேண்டும். ஐபிஎம் முதலில் வந்தது. மாதிரி செய்தது, இழுத்தடித்தது, விலகிவிட்டது. பிறகு ரீம் என்ற கம்பெனி. அதன் வழக்கமான தொழில் இரும்புப் பீப்பாய், வாட்டர் ஹீட்டர் வகையறா. செய்து தந்த இயந்திரங்களில் கோளாறு, வாக்கில் தாமதம். தன் வாழ்க்கையின் மிக வெறுப்பான அனுபவங்களில் ஒன்றாக ஸ்கின்னர் இதைக் கருதினார்.

இதற்கு நடுவே 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கைப் பறக்கவிட, அமெரிக்கப் பள்ளிகள் பின்தங்கிவிட்டன என்று ஊரே பதறியது. அரசு பணத்தைக் கொட்டியது. கற்பிக்கும் இயந்திரம் திடீரென்று சூடான சரக்காகிவிட்டது. கலைக்களஞ்சியம் விற்பவர்கள் வீடு வீடாகப் போய் இதையும் விற்றார்கள். பெட்டி செய்வது சுலபம். உள்ளே வைக்கப் பாடம்? அதை எழுதி, மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்து, திருத்தி, மறுபடி கொடுத்துப் பார்க்க யாருக்குப் பொறுமை? பழைய பாடப்புத்தக வாக்கியங்களில் ஒரு சொல்லை அழித்துவிட்டு, இதோ புதுமுறைப் பாடம் என்று விற்றவர்கள் அநேகம். பிள்ளைகளுக்கு அலுத்துப்போனது. 1960களின் பாதியில் சந்தை படுத்துவிட்டது.

முழுப் பழியையும் வியாபாரிகள்மேல் போட்டுவிட முடியாது. மொழியும் வெறும் தூண்டல், துலங்கல், வலுவூட்டல் என்று ஸ்கின்னர் எழுதிய புத்தகத்தை 1959இல் நோம் சாம்ஸ்கி கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார். ஒரே விடை உள்ள கேள்விகளுக்கு இந்த முறை பொருந்தும். ஒரு நாவலைப் பற்றியோ நீதித் தீர்ப்பைப் பற்றியோ விவாதிக்கக் கற்றுத்தர முடியுமா என்ற சந்தேகத்துக்கு அவரிடம் திருப்தியான பதில் இருந்ததாகச் சொல்ல முடியாது. கெட்டிக்கார மாணவர்களுக்குச் சின்னப் படிகள் எரிச்சலூட்டின. 1971இல் சுதந்திரம், கண்ணியம் என்ற கருத்துகளையே கேள்வி கேட்டு அவர் எழுதிய புத்தகம் அவரை ‘டைம்’ இதழின் அட்டைக்குக் கொண்டுபோனது. கூடவே, மனிதர்களைப் புறாவாக்கப் பார்க்கிறார் என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

வதந்தியும் கிளம்பியது. டெபோரா குழந்தையாக இருந்தபோது, போர்வைகளில் சுற்றி வைக்காமல் அவள் தாராளமாகக் கைகால் ஆட்ட வேண்டும் என்று, வெப்பம் சீராக இருக்கும் கண்ணாடி முகப்புள்ள தொட்டில் ஒன்றை ஸ்கின்னர் செய்தார். 1945இல் ஒரு பெண்கள் பத்திரிகை இதைப் பெட்டிக் குழந்தை என்ற மாதிரித் தலைப்போடு வெளியிட்டது. எலிப்பெட்டிக்குள் மகளை வளர்த்தார், அவளுக்குப் புத்தி பேதலித்தது, தற்கொலை செய்துகொண்டாள் என்றெல்லாம் கதை கட்டினார்கள். எல்லாம் பொய். டெபோரா ஓவியராகி லண்டனில் வாழ்ந்தார். 2004இல் தானே பத்திரிகையில் எழுதி மறுத்தார்.

பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன நண்பர்

பெட்டிகள் மறைந்தாலும் யோசனை சாகவில்லை. அதைப் பல்கலைக்கழகப் படிப்பாக மாற்றியவர் ஸ்கின்னரின் ஹார்வர்டு காலத்து நண்பர் ஃபிரெட் கெல்லர். பிரேசிலின் புதிய தலைநகர் பிரேசிலியாவில் அப்போதுதான் தொடங்கியிருந்த பல்கலைக்கழகத்துக்காக, அந்த நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 1964இல் ஒரு பாடத்திட்டம் போட்டார். இயந்திரம் கிடையாது. பாடம் சிறு அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எழுத்துப் பிரதியை வைத்து மாணவர் தானே படிப்பார். தயாரானதும் வந்து சிறு தேர்வு எழுதுவார். முழுசாகத் தேறினால்தான் அடுத்த அலகு. தவறினால் தண்டனை இல்லை, மறுபடி எழுதலாம். முன்பே படித்து முடித்த மூத்த மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து அப்போதே திருத்தித் தருவார்.

ராணுவ ஆட்சியோடு ஏற்பட்ட மோதலில் 1965இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் இருநூறு பேருக்கு மேல் ஒட்டுமொத்தமாக விலகினார்கள். திட்டமும் அங்கே குலைந்தது. ஆனால், கெல்லர் திட்டம் என்ற பெயரில் 1970களில் பல நாட்டுக் கல்லூரிகளுக்குப் பரவியது. நல்ல பலன் தந்தது. ஒரு சிக்கலும் கூடவே வந்தது. நாளைக்கு எழுதலாம், அடுத்த வாரம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் கடைசியில் படிப்பையே விட்டுவிட்டார்கள். அவரவர் வேகத்தில் போகலாம் என்றால், நின்றுவிடுவதும் ஒரு வேகம்தான் போலிருக்கிறது.

இந்தச் சிக்கலை ஆன்லைன் படிப்புகள் அப்படியே வாரிசாகப் பெற்றன. ஸ்கின்னர் பாடம் நடத்திய அதே ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் 2012-13 கல்வியாண்டில் நடத்திய 17 படிப்புகளுக்கு 8,41,687 பதிவுகள் வந்தன. வழங்கப்பட்ட சான்றிதழ்கள் 43,196. நூற்றுக்கு ஐந்து. சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் கணக்கில் உண்டு என்றாலும், எண்ணிக்கை அதிர்ச்சியூட்டியது. அதனால்தான் பல படிப்புகளில் வாராந்திர அசைன்மென்ட், டெட்லைன் எல்லாம் திரும்பி வந்தன. நம் நாட்டின் என்பிடெல், ஸ்வயம் படிப்புகளில் சேர்ந்தவர்களுக்கு இது தெரியும். கெடு முடிந்த பிறகே விடைகள் வெளிவரும். எல்லோரும் ஒரே வாரக் கணக்கில், விடை பிறகு. 1953இல் ஸ்கின்னரை உறுத்திய அதே இரண்டு விஷயங்கள். காரணமும் நியாயமானதுதான், கெடு இல்லாவிட்டால் முடிப்பவர்கள் குறைவு, விடையை முன்பே விட்டால் காப்பி.

எது மிஞ்சியது?

ஒரு மணி நேர உரையைப் படமெடுத்து ஏற்றுவதை ஸ்கின்னர் கற்பித்தல் என்றே ஒப்பியிருக்க மாட்டார். பார்த்துக்கொண்டிருப்பவர் எதையும் செய்யவில்லை அல்லவா? லட்சம் பேரின் விடையைத் திருத்த வசதி என்பதற்காக நான்கில் ஒன்றைத் தட்டும் கேள்விகளும் பிரெஸ்ஸியின் சொத்துதான், ஸ்கின்னருடையது இல்லை. விடாமல் இத்தனை நாள் படித்தாய் என்று தரப்படும் பேட்ஜ், புள்ளி, தீப்பொறிச் சின்னங்களை அவர் தலையில் கட்டுபவர்கள் உண்டு. அவரோ, விடை சரி என்று தெரிவதே மாணவருக்குப் போதுமான பரிசு, மிட்டாய் தேவையில்லை என்று சொன்னவர்.

அவருடைய எண்ணத்துக்கு மிக அருகில் இருப்பது நிரல் எழுதும் படிப்புகள்தான். மாணவர் தானாகவே ஒரு சிறு நிரலை எழுதிச் சமர்ப்பிக்கிறார். சில விநாடிகளில் எந்தச் சோதனையில் தேறியது, எதில் தவறியது என்று வந்துவிடுகிறது. திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். தொலைதூரக் கல்விப் புத்தகங்களில், இக்னோ பாடநூல்கள் உட்பட, இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை உன்னை நீயே சோதித்துப் பார் என்று கேள்வி வந்து, விடை பின்னால் இருக்குமே, அதுவும் இந்த வம்சம்தான்.

கம்ப்யூட்டர் வந்ததை ஸ்கின்னர் வரவேற்றார். 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில், தன் பாடமுறைக்கு ஏற்ற கருவி கடைசியில் வந்துவிட்டது என்ற திசையில் வாதிட்டார். அப்போது அவருக்கு வயது 82. எழுதுவதை நிறுத்தவே இல்லை. வீட்டின் கீழ்த்தளத்தில் அவருக்கு ஒரு படிப்பறை. மேசை விளக்கைப் போட்டால் அதோடு இணைத்த கடிகாரமும் ஓடத் தொடங்கும். எழுதிய நேரத்தைக் கூட்டி, பன்னிரண்டு மணி நேரம் சேரும்போதெல்லாம் சுவரில் தொங்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார். எலிக்கு வரைந்த அதே ஏறுகோடு, இப்போது தனக்கு.

1989இல் ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. 1990 ஆகஸ்ட் 10 அன்று பாஸ்டனில் அமெரிக்க உளவியல் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான பாராட்டை வழங்கியது. மேடையில் கையில் குறிப்பு இல்லாமல் பேசினார். அந்த உரையைக் கட்டுரையாக மாற்றும் வேலையில் கடைசி நாள்வரை உட்கார்ந்திருந்தார். எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 18 அன்று இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜெனிவாவில் டிம் பெர்னர்ஸ்-லீயின் கணினியில் உலகின் முதல் இணையதளம் ஓடத் தொடங்கியிருந்தது.